அரை ரோடு

ஊர்வலம் போக அனுமதி கேட்டு நகராட்சிக்கு வருகிறவர்கள் எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து நிற்க வேண்டிய இடம் அவருடைய மேசைதான். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது வழங்கவில்லை. ஊரே அவரை அரைரோடு என்றுதான் சொல்லியது. யார் வந்து எப்படிக் கெஞ்சினாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே பேச்சு. "ஊர்வலத்துக்கு அரை ரோடு. மிச்ச அரை ரோடு ஆம்புலன்ஸுக்கு. அவ்வளவுதான், கிளம்புங்க."

கட்சிக்காரர்கள் மிரட்டிப் பார்த்தார்கள், சங்கத்துக்காரர்கள் குழைந்து பார்த்தார்கள். யார் பருப்பும் வேகவில்லை. உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிற ரகமும் இல்லை மனுஷன். விண்ணப்பம் வந்தால் அந்த வழி முழுக்கத் தானே நடந்து பார்ப்பார். அண்ணாந்து கரண்ட் கம்பியைப் பார்ப்பார், குனிந்து குழியைப் பார்ப்பார். கொடிக்கம்பு கேபிளில் தட்டும் என்று தோன்றினால் போச்சு, அந்தக் கேபிளை ஏற்றிக் கட்டும்வரை அனுமதி கிடையாது. வெயிலில் அவர் இப்படி மேலும் கீழும் தலையாட்டிக்கொண்டு போவதைப் பார்த்து டீக்கடையில் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

அப்பேர்ப்பட்ட ஆளை மடக்கியவள் பெண்கள் பள்ளியின் பேண்ட் டீச்சர். பள்ளி அணிவகுப்புக்கு முழு ரோடும் வேண்டும் என்று கேட்டு வந்தாள்.

"வரிசைக்கு எட்டுப் பிள்ளைங்க சார். அரை ரோட்டுல விட்டா ஒருத்தி டிரம்மை இன்னொருத்தி அடிப்பா."

"அப்போ நாலு நாலா நடக்கச் சொல்லுங்க டீச்சர்."

"நீங்க வந்து நடந்து காட்டுங்களேன்!"

வாய் விட்ட பாவத்துக்கு அவரும் பள்ளி மைதானத்துக்குப் போனார். அதற்கப்புறம் கூப்பிடாமலேயே போனார். முழு ரோடு கேட்டு வந்தவள் அரை ரோட்டோடு ஆளையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று ஆபீசே கேலி பேசியது. கல்யாணத்துக்குப் பிறகும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். சலுகையா? மூச்! வருஷா வருஷம் அவளும் வரிசையில் நின்றுதான் விண்ணப்பம் கொடுத்தாள்.

"வீட்டுல சோறு போடுறவ நான்தான்னு ஞாபகம் இருக்கட்டும்" என்பாள், மேசைமேல் குனிந்து.

"இருக்கு டீச்சர். பாதுகாப்புக்கு வர்றவங்க பேரை எழுத மறந்துட்டீங்க, எழுதிட்டு வாங்க" என்பார் அவர்.

இரண்டு பேரும் இப்படியே சிரித்துக்கொண்டு கிழடாகிவிடலாம் என்று நினைத்திருந்தார்கள். யார் கண் பட்டதோ, டீச்சருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. முதலில் விசில் ஊத முடியாமல் போனது, பிறகு மாடிப்படி ஏற முடியாமல் போனது. நுரையீரல் என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வீட்டுக்கு எப்போது அழைத்துப் போகலாம் என்று இவர் கேட்டதற்கு டாக்டர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

அணிவகுப்பு நெருங்கிய சமயம். புது அணி ஒன்றை அவள்தான் அந்த வருஷம் பழக்கியிருந்தாள். பாதியில் விட்டுவிட்டு வந்து படுத்திருந்தாள்.

"என்னங்க," என்றாள் ஒரு சாயங்காலம், "எனக்கு வேற எதுவும் வேணாம். பிள்ளைங்க ஒரு தடவை இந்தத் தெரு வழியாப் போகட்டுமே. படுத்தபடியே பாத்துக்குவேன்."

ஆஸ்பத்திரித் தெருவில் எந்த ஊர்வலமும் போனதில்லை. அவரே அடித்துத் திருத்தி வேறு வழி போட்டு அனுப்பிய விண்ணப்பங்களுக்குக் கணக்கே இல்லை. ராத்திரி முழுக்கப் புரண்டார். காலையில் விதிகளை எடுத்து மறுபடி படித்தார். ஆஸ்பத்திரி எல்லைக்குள் வாத்தியம் கூடாது, கோஷம் கூடாது. வாயைக் கட்டிக்கொண்டு நடந்து போகக் கூடாது என்று எங்கும் இல்லை. குறிப்பு எழுதி எடுத்துக்கொண்டு ஆணையரிடம் போனார்.

"அரைரோடா கேக்குறது? என்னய்யா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று சிரித்தார் ஆணையர்.

"எனக்கில்ல சார், வீட்டுல" என்றார் இவர். ஆணையரின் சிரிப்பு நின்றது. குறிப்பை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

எந்த அரை ரோடு என்பதை முடிவு செய்கிற வேலை எப்போதும் இவருடையது. போய் நடந்து பார்த்தார். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது, கம்பியும் இல்லை, குழியும் இல்லை. ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டிய பாதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். எதிர்ப்பக்கம் விட்டால் அவளுக்குத் தூரமாகிவிடும், கிட்டத்திலேயே பார்க்கட்டும் என்றுதான் கொடுத்தார். தன் உத்தியோகத்தில் முதல் தடவையாக ஆசைப்பட்டு எடுத்த முடிவு அது.

அன்றைக்கு அவளைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார்த்திவிட்டு, "வராங்க டீச்சர், கண்ணை அங்க இங்க திருப்பாத" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினார். இரண்டு தெரு தள்ளியே டிரம் சத்தம் ஓய்ந்துவிட்டது. பிள்ளைகள் தெருமுனை திரும்பினார்கள். அம்மாடி, என்ன நடை! குச்சிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, நாலு நாலாக, சுவரை ஒட்டி, கேன்வாஸ் ஷூவில் ஒரு சத்தம் இல்லை. ஒருத்திகூடத் தலையைத் திருப்பவில்லை. டீச்சர் பழக்கியது அப்படி. ஆம்புலன்ஸுக்கு விட்ட பாதி ரோடு துடைத்துவிட்டாற்போல் காலியாகக் கிடந்தது. கடைசி வரிசை முனை திரும்பியதுதான் தாமதம், படிகளில் இரண்டிரண்டாகத் தாவி மேலே ஓடினார்.

டீச்சர் சொன்னபடியே கண்ணைத் திருப்பாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் கேட்டாள்.

"இன்னும் வரலையாங்க?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டிலோரம் குனிந்து, அவள் தலை இருந்த உயரத்துக்குத் தன் தலையை வைத்து வெளியே பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே சிமெண்டுப் பலகை நீட்டிக்கொண்டிருந்தது. அது சுவரோரத்துப் பாதி ரோட்டை அப்படியே மறைத்தது. எதிர்ப்பக்கப் பாதி மட்டும் தெரிந்தது. ஒரு ஈ காக்கை இல்லாத ரோடு. இவ்வளவு நேரமும் அவள் கண் கொட்டாமல் பார்த்தது அதைத்தான். தெருவில் நடந்து நடந்தே பார்த்துப் பழகிய மனுஷன். மேலே இருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. தினமும் இந்தக் கட்டிலோரம்தான் உட்கார்ந்திருந்தார், அவள் முகத்தைப் பார்த்தாரே தவிர ஜன்னலைப் பார்க்கவில்லை.

வந்து போய்விட்டார்கள், நீதான் பார்க்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"வரலம்மா," என்றார். "கடைசி நேரத்துல அனுமதி ரத்தாயிடுச்சு."

"நீங்களே ரத்து பண்ணிட்டீங்களா?"

வேறு யார்மேலும் பழி போட மனசு வராமல் தலையாட்டினார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் டீச்சர். கோபமே இல்லை, பாவி, சிரிக்கவேறு செய்தாள். "விதிய மீற உங்களால முடியாதுங்க. நான்தான் கேட்டிருக்கக் கூடாது. விடுங்க, மனசுல வச்சுக்காதீங்க." அவர் கையை எடுத்துத் தட்டிக் கொடுத்தாள். பிறகு, "தலையணைய எடுத்துடுங்க, முதுகு வலிக்குது" என்றாள்.

அந்த வாரம் தாண்டவில்லை.

வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த பேண்ட் பிள்ளைகள் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அழுது ஓய்ந்தபின் ஒருத்தி கேட்டாள்.

"சார், அன்னிக்கு டீச்சர் எங்களப் பாத்தாங்களா? அண்ணாந்து பாக்கணும்போல இருந்துச்சு சார். ஆனா நேரா பாத்துத்தான் நடக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்கள்ல."

"பாத்தாங்கம்மா," என்றார் அவர். "ஒரு கால்கூடத் தப்பலைன்னு சொன்னாங்க."

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு மறுபடி அழுதார்கள், இந்த முறை சந்தோஷத்தில். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு கால்கூடத் தப்பவில்லை என்பது உண்மைதான், அவர் கண்ணால் கண்டது. அன்றைக்கு அதை அவளிடம் சொல்லியிருந்தால் போதுமே. பார்க்காவிட்டால் என்ன, கேட்டிருப்பாளே.