தாரை வார்த்த நுரை

போன வெள்ளிக்கிழமை காலை ஒரு கன்னத்தை மழித்து முடித்து, மறு கன்னத்தில் நுரையோடு நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசி மணி அடித்தது. தன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாரமாகச் சத்தியமங்கலத்தில் இருந்த என் மனைவி சாந்தாமணிதான் பேசினாள்.

"அப்பா போயிட்டாருங்க. மூஞ்சி வழிச்சுக்கோணும், மூக்கனை எடு கண்ணுன்னாரு. நான் தண்ணி சுட வெச்சுக் கொண்டாரதுக்குள்ள..."

நுரையைத் துண்டால் துடைத்துவிட்டு, பாதி முகத்தோடு ஆர்.எஸ்.புரத்திலிருந்து கிளம்பிவிட்டேன். பேருந்தில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். என் மாமனார் குழந்தைவேலு அவர்களை எனக்குக் கொடுத்ததே இந்த முகம்தான்.

மூக்கன் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாமா சத்தியில் மோட்டார் பம்பு ரிப்பேர் பட்டறை வைத்திருந்தார். மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவுக்கு மோட்டார் பார்க்கப் போனபோது, யாரோ ஒரு துரை சவரத்துக்கு வைத்திருந்து விட்டுப்போன பீங்கான் சாமான் ஒன்று அவர் கண்ணில் பட்டது. வயிற்றில் சுடுதண்ணீர். பிரஷ் நுழையும் அளவுக்கு அகலமான மூக்கு. தலையில் சோப்பு வைக்க ஒரு தட்டு. மூக்கில் பிரஷ்ஷை முக்கி சோப்பில் தேய்த்தால், கீழே இருக்கிற சூட்டில் நுரை கடைசிவரை ஆறாது. மாமா ஊர் திரும்பிய கையோடு பித்தளையில் அதேபோல் ஒன்றைத் தட்டி, பற்றவைத்து, செய்தே விட்டார். அதற்கு மூக்கன் என்று பெயரும் வைத்துவிட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சாந்தாமணியைப் பெண் பார்க்கப் போனபோது நான் தாடிக்காரன். பச்சைத் தண்ணீரில் சவரம் செய்தால் முகமெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். அதனால் விட்டுவிட்டேன். காபி குடித்து முடிந்ததும் மாமா மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, தாடி ஏதாச்சும் வேண்டுதலுங்களா? இல்ல... வேற ஏதாச்சுமுங்களா?"

அந்த 'வேற'வில் ஒரு காதல் தோல்விக் கதையே இருந்தது. நான் பதறிப்போய் முகம் தடிக்கிற விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவுதான், மாமா எழுந்துவிட்டார்!

"அட, இதானுங்களா! எந்திரிங்க, எந்திரிங்க!"

பொருத்தம், நாள், நட்சத்திரம் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போனார். மூக்கனில் சுடுதண்ணீர் ஊற்றினார், புது பிளேடு கொடுத்தார். வெதுவெதுப்பான அந்த நுரை முதன்முதலாகக் கன்னத்தில் பட்டது இன்னும் நினைவிருக்கிறது. இத்தனை வருடம் இப்படி ஒரு சுகம் இருப்பதே தெரியாமல் இருந்துவிட்டோமே என்று ஆத்திரமாக வந்தது. "தண்ணி சூடா இருக்குதுங்களா மாப்ள?" என்று அவர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மழுமழுவென்ற முகத்தோடு நான் கூடத்துக்குத் திரும்பியபோது சாந்தாமணி தன் அம்மாவிடம், "இது யாருங்மா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டாள்.

என் பெரியப்பாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அவர் சொல்தான் சொல். "பொண்ணு பாக்கப் போன எடத்துல சவரம் பண்ண உக்கார வெக்கறாங்க. இது ஒரு சம்பந்தமா?" என்று கல்யாண நாள்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். ஏதாவது ஒரு சாக்குக் கிடைக்காதா என்றுதான் மண்டபத்துக்கே வந்தார். கிடைத்துவிட்டது.

கல்யாணம் தை மாதம். விடியற்காலைக் குளிரில் மாமா மூக்கனோடு என் அறைக்கு வந்து, "மாப்ள மூஞ்சி இன்னைக்குத் தடிக்கப்படாதுங்க" என்று சவரம் முடிய நின்றார். பிறகு அவசரத்தில், பிரஷ் முக்கிய தண்ணீரைக்கூடக் கொட்டாமல் அதைக் கிணற்றடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சாந்தாமணியின் பெரியம்மா அந்தப் பக்கம் வந்தார். மூக்கு வைத்த பித்தளைச் சாமானைக் கண்டால் எங்கள் பக்கத்துப் பெண்கள் சும்மா விடுவார்களா? தாரை வார்க்கும் கெண்டி என்று நினைத்து வெளியே புளி போட்டுத் துலக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் மஞ்சள் நூல் சுற்றி, உள்ளே தண்ணீர் இருப்பதைப் பார்த்து 'யாரோ நிரப்பியே வெச்சுட்டாங்க' என்று மெச்சிக்கொண்டு, நேராக மணவறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

தாரை வார்க்கும் நேரம். கீழே மாமாவின் கை, அதன்மேல் என் கை, அதன்மேல் சாந்தாமணியின் கை. சாந்தாமணியின் அம்மாவான அத்தை மூக்கனைச் சாய்த்தார். எங்கள் மூன்று பேர் கையிலும் வெள்ளைவெளேரென்று நுரை!

மேளம் தானாக நின்றது. பெரியப்பா எழுந்தார்.

"நிறுத்துங்க! தாரைத் தண்ணில சோப்பு நுரையா? இதென்ன அபசகுனம்? டேய், எந்திரிடா மேல!"

சாந்தாமணியின் முகம் செத்துவிட்டது. மாமா நுரையைப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு மண்டபமே அதிரச் சிரித்தார்.

"ஏனுங்க சம்பந்தி, புது ஊட்டுல பாலு பொங்கி வழிஞ்சா என்னன்னு சொல்லுவீங்க?"

"அது... நல்லதும்பாங்க."

"அப்பறம் நுரை பொங்குனா மட்டும் கெட்டதாயிருமுங்களா? எம்புள்ளைய ஒரு அழுக்கில்லாமக் கழுவிக் குடுத்துப்போட்டேனுங்க. வாத்தது வாத்ததுதானுங்க!"

முதலில் மேளக்காரர் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. பெரியப்பாவும் என் கையில் வழிந்த நுரையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். ஆனால் என் கைக்குக் கீழே மாமாவின் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நடுக்கத்தோடு அப்படிச் சிரிக்க ஒரு மனிதரால் முடிந்ததே என்று இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது. சாப்பாட்டுப் பந்தியில் பெரியப்பா மாமாவின் காதோரம் குனிந்து, "அந்த நுரை இன்னும் சூடாவே இருந்துச்சுங்களே, எப்படிங்க?" என்று கேட்டதும் எனக்குக் கேட்டது. அடுத்த மாதமே பெரியப்பாவுக்கும் ஒரு மூக்கன் வந்து சேர்ந்தது.

அதன்பிறகு எப்போது சத்திக்குப் போனாலும் குளியலறைக் கதவுக்கு வெளியே அந்தக் குரல் வரும். "தண்ணி சூடா இருக்குதுங்களா மாப்ள?"

வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது மாமா நரைத்த தாடிமுள்ளோடு படுத்திருந்தார். நாவிதர் ஒரு கிண்ணத்தில் தண்ணீரோடு உட்கார்ந்தார். சாந்தாமணி விருட்டென்று எழுந்தாள்.

"பச்சத்தண்ணி வேண்டாமுங்க. எங்கப்பாவுக்கு ஆகாது."

காலையில் வைத்த அடுப்பை மறுபடி மூட்டினாள். மூக்கனில் ஆவி பறந்தது. நாவிதர் பாதி முகத்தோடு நின்ற என்னைப் பார்த்து, முதலில் என்னை உட்காரவைத்து முடித்தார். பிறகு அதே சூட்டில், நன்றாக நுரைக்க நுரைக்க, மாமாவுக்குச் செய்தார். மாமாவின் முகம் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் முகம் போல ஆகிவிட்டது.

குளிப்பாட்டும் நேரம் வந்தது. அன்றைக்குக் கெண்டி என்று துலக்கி வைத்த அதே பெரியம்மா செம்பை எடுத்தார். சாந்தாமணி அதைத் தடுத்து, மூக்கனை அத்தையின் கையில் கொடுத்தாள்.

"இதுல ஊத்துங்மா. இதுலதான என்னையத் தாரை வாத்துக் குடுத்தீங்க."

பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். அப்படியே சிரித்தும்விட்டார். அத்தை மூக்கனை இரண்டு கையாலும் தூக்கினார். பக்கத்தில் நின்ற பெரியப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ஊத்துங்க அம்மணி, பொங்கட்டும்" என்றார்.

நுரை மாமாவின் மார்பில் விழுந்து பொங்கி வழிந்தது. நான் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தேன்.

சூடாத்தானுங்க இருக்குது, மாமா.