பச்சை மீசைக் கரடி

போன வாரப் பெருமழையில் எங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டு பேஸ்மென்ட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கணுக்கால் அளவுதான். ஆனாலும் இத்தனை வருஷமாக ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கீழே தள்ளிவிட்ட அட்டைப்பெட்டிகளையெல்லாம் ஒரே நாளில் திறந்து பார்க்கும்படி ஆயிற்று. ஒரு பெட்டியின் அடியில் நான் கையெழுத்திட்ட பழைய ஜெராக்ஸ் தாள் ஒன்று கிடைத்தது. ‘தமிழிலும் ஆங்கிலத்திலும் எனக்குத் தேர்ச்சி உண்டு, கீழ்க்காணும் மொழிபெயர்ப்பு முழுமையானது, உண்மையானது’ என்று கம்பீரமாகத் தொடங்கி, ‘கழுதை’ என்று முடிகிற சான்றிதழ். இப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்ட வேறு யாராவது இந்த நாட்டில் இருந்தால் சொல்லுங்கள், அவருக்கு நான் காபி வாங்கித் தருகிறேன்.

ஈரக் காகித வாசனை நேரே என்னைச் சொந்த ஊரான கோயம்புத்தூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அது என்னவோ என்னைப் பாதி வழியில், நான் வேலை பார்த்த மருந்துக் கம்பெனியின் கேன்டீனில் இறக்கிவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் கணவர் ரமேஷும் நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். கிரீன் கார்டு வரிசையில் எங்கோ வாலில் நின்றிருந்தோம்.

அந்தக் கேன்டீனில் என் புளிசாதத்தைக் கண்டு நாற்காலியை நகர்த்திக்கொள்ளாத ஒரே ஆள் லியோனித் பாவ்லவிச். அறுபதை நெருங்கும் ரஷ்யர். அவர் டப்பாவில் ஊறவைத்த மீன் இருக்கும். யார் டப்பாவைத் திறந்தால் யார் எழுந்து போவார்கள் என்ற பயம் இரண்டு பேருக்கும் இருந்ததால் எங்களுக்குள் நட்பு சுலபமாகிவிட்டது. பாவ்லவிச் என்பது அவருடைய அப்பா பெயரிலிருந்து வந்ததாம். எங்கள் ஊரில் அப்பா பெயர் முன்னால் ஓர் எழுத்தாகச் சுருங்கும், உங்கள் ஊரில் பின்னால் வாலாக நீள்கிறது என்றேன். மேனேஜர் உட்பட எல்லோரும் அவரை ‘லியோ’ என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. அங்கிள் என்றே கூப்பிட்டேன். என் மாமா யாரையாவது உனக்குத் தெரியுமா என்று முதல் வாரம் முழுக்கக் குழம்பினார்.

ரஷ்யாவில் அவர் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர். அங்கே அவர் பெயர் தெரியாத பள்ளிக்கூடம் கிடையாது என்று அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் நம்பவும் இல்லை. இங்கே வந்த யாரைக் கேட்டாலும் ஊரில் அவர்கள் வீட்டில் யானை நின்றதாகத்தான் சொல்வார்கள். எங்கள் கம்பெனியில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளுக்கு அவர் படம் போட்டார். பெரும்பாலும் மூக்குகள்.

“எல்லா மூக்கும் ஒரே மாதிரி இருக்கணுமாம். யாரோட மூக்காவும் இருக்கக் கூடாதாம். அப்படி ஒரு மூக்க கடவுளாலயே செய்ய முடியல” என்றார் ஒருநாள். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன். அவருடைய ஆங்கிலம் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும், மீதியைக் கை சொல்லும்.

அன்றைக்குக் கையில் பேனா இருந்தது. பேசிக்கொண்டே பேப்பர் நாப்கினில் ஒரு கரடியை வரைந்தார். படகில் உட்கார்ந்த கரடி. ஒரு கால் படகுக்குள், இன்னொரு கால் சோம்பேறித்தனமாகத் தண்ணீரில். நான் நாப்கினை என் பக்கம் இழுத்தேன்.

“அங்கிள், இந்தக் கரடிய எனக்குத் தெரியும்.”

“எல்லாருக்கும் கரடி தெரியும்.”

“இந்தக் கரடிய! இது ஆத்துல படகு ஓட்டும். கூலிக்குத் தேன் கேக்கும். வாத்து மட்டும் தர மாட்டேன்னு சண்டை போடும், நீந்தியே போயிடும். கடைசிப் பக்கத்துல கரடி தனியா உக்காந்து வாளியில டீ குடிக்கும்.”

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். மாஸ்கோவில் அச்சாகி, ஊர் ஊராக வேனில் வந்து விற்ற தமிழ்ப் புத்தகம் அது. என் வயதுக்காரர்களுக்கு அந்த வழவழப்பான தாளும் பசை வாசனையும் நினைவிருக்கும். தன் கரடி பல பாஷை பேசுவது அவருக்குத் தெரியும். தமிழ் பேசும் என்பது தெரியாது. எழுந்து வந்து, இத்தனை பேர் பார்க்க, என் உச்சந்தலையில் ஒரு முத்தம் வைத்தார். மீன் வாசனை மூன்று நாள் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய விசா அந்த அக்டோபரோடு முடிகிறது. அபாரத் திறமை உள்ள கலைஞர் என்று நிரூபித்தால் கிரீன் கார்டு உண்டு. நிரூபிக்கத்தான் ஒன்றுமில்லை. அவர் புத்தகங்களையெல்லாம் பெட்டியில் கட்டி அக்கா வீட்டு நிலவறையில் வைத்துவிட்டு வந்தார், வெந்நீர்க் குழாய் வெடித்து எல்லாம் கூழாகிவிட்டன. அச்சிட்ட நாடே இல்லாமல் போனபின் யாரிடம் போய்க் கேட்பது? ஒரே மகள் புரூக்ளினில் இருந்தாள். பேரன் பிறந்து நான்கு மாதம். திரும்பிப் போனால் அவனுக்குத் தாத்தா என்பது ஒரு போட்டோதான். வெளிநாட்டு மொழியில் வந்த ஒரு புத்தகமாவது கொண்டுவாருங்கள் என்று அவருடைய வக்கீல் அம்மாள் சொல்லியிருந்தாராம்.

அன்றைக்கே அம்மாவுக்கு போன் போட்டேன்.

“அந்தக் கரடி பொஸ்தகமா? இருக்குது கண்ணு. கிரைண்டர் காலுக்கு அடியில குடுத்திருக்கேன்.”

“அத எடுத்து உடனே கூரியர் பண்ணும்மா.”

“எடுத்தா கிரைண்டர் ஆடுமே.”

“ஒருத்தரோட கிரீன் கார்டும்மா அது!”

“உன்ற கிரீன் கார்டு வந்துருச்சா?”

கடைசியில் அப்பாவின் பழைய டைரி ஒன்று கிரைண்டருக்குக் கீழே போயிற்று, கரடி மேலே வந்தது. பத்து நாளில் பார்சல் வந்தது. கூடவே பருப்புப் பொடியும். பிரித்துப் பார்த்த பிறகுதான் பள்ளி நாளில் நான் அதில் செய்து வைத்தது ஞாபகம் வந்தது. அட்டையில் கிரைண்டர் காலின் வட்டத் தழும்பு. அதுகூடப் பரவாயில்லை. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் கரடிக்குப் பச்சை மையில் முறுக்கு மீசையும் வட்டக் கண்ணாடியும். அப்போது எங்கள் ஹெட்மாஸ்டரைப் பழிவாங்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், ‘இந்தப் புத்தகம் எனக்கே சொந்தம். இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தராதவர் கழுதை. இப்படிக்கு, ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

ஒரு மனுஷருடைய வாழ்நாள் வேலையில் மிச்சமிருந்த ஒரே பிரதி, அதில் நான் மீசை வரைந்திருக்கிறேன். மறுநாள் கேன்டீனில் குற்றவாளி மாதிரி மேஜையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்து டீ வாளிக்கு வந்ததும் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து டிஷ்யூவை நீட்டினேன். சிரிப்பு. இருமல் வரும்வரை சிரிப்பு.

“இது யாரு?”

“எங்க ஹெட்மாஸ்டர்.”

“எனக்கு எங்க பதிப்பகத்து டைரக்டர். நான் மொதல்ல மீசையோட, கண்ணாடியோடதான் போட்டேன். கமிட்டியில கண்டுபிடிச்சிட்டாங்க. எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். நீ திருப்பிப் போட்டுட்ட.”

ரமேஷ் இதை இன்றுவரை நம்பவில்லை. “நீ ஃபீல் பண்ணக் கூடாதுன்னு அடிச்சு விட்டிருப்பாரு” என்கிறார். இருக்கலாம். அப்படியே இருந்தாலும் அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பொய் தேவைப்பட்டது.

வக்கீல் அம்மாள் சிரிக்கவில்லை. நகலில் பேனா மை எது, அச்சு எது என்று தெரியவில்லை, மூலத்தையே இணைக்க வேண்டும் என்றார். தாளில் இருக்கிற ஓர் எழுத்தும் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும் என்றும் சொன்னார். கையால் எழுதியதுமா என்று கேட்டேன். கையால் எழுதியதும்தான்.

“இந்த ‘கழுதை’ சட்டப்படி ஏதாவது அர்த்தம் உள்ள சொல்லா?” என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“எங்க ஸ்கூல்ல ஆமாங்க” என்றேன். லியோனித் பாவ்லவிச் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கதையை முதலில் மொழிபெயர்த்தேன், பச்சை மீசை, கண்ணாடி எல்லாவற்றையும் குறித்தேன், கழுதையைக் கடைசியாக வைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தபோது அவருக்கு அனுமதி வந்தது. ஓட்டமாக எங்கள் மாடிக்கு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, என் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் அந்தக் கடிதத்தை ஒட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். இரண்டு வருஷமாக வரிசையில் நிற்பவளுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அதற்கப்புறம் நான்கு வருஷம் ஆனது.

புத்தகம் திரும்பி வரவில்லை. குடியேற்ற அலுவலகத்துக்கு அவர் இரண்டு முறை எழுதிக் கேட்டார், நான் ஒரு முறை கேட்டேன். கோப்பில் சேர்ந்தது கோப்புக்கே என்று பதில் வந்தது. வேலையை விட்டுப் பேரனிடம் புரூக்ளினுக்குப் போன நாளில் அவர் எனக்கு ஒரு படம் கொடுத்தார். படகு, வாளி, கரடி, பச்சை மீசை, வட்டக் கண்ணாடி. அழகான படம். ஆனாலும் அது என் புத்தகம் இல்லை, அது அவருக்கும் தெரியும். “உன் கோடு என்னோடதவிட நல்லாருந்துச்சு” என்றார்.

மழையில் அந்தப் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அது மாடியில் இருக்கிறது. என் மகள் அதைப் பார்த்து, “ஹூ இஸ் தட்?” என்று ஒருமுறை கேட்டாள். ஹெட்மாஸ்டர் என்று ஆரம்பித்தேன், அதற்குள் போன் அடித்து ஓடிவிட்டாள். ஹெட்மாஸ்டர் போய்விட்டார். மாஸ்கோ டைரக்டரும் போயிருப்பார். லியோனித் பாவ்லவிச் போய் ஏழு வருஷம் ஆகிறது. பேரன்தான் போனில் சொன்னான், ரஷ்ய மொழியில் அழுதுவிட்டு ஆங்கிலத்தில் பேசினான். அங்கிள் என்று கூப்பிட்டுச் சண்டை போட இன்றைக்கு ஆள் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம், நிஜமான வருத்தம்.

புத்தகம் மட்டும் எங்கேயும் போயிருக்காது. ஏதோ ஓர் அரசாங்கக் கிடங்கில், நம்பர் ஒட்டிய அட்டைப்பெட்டிக்குள், என் கரடி படகில் உட்கார்ந்திருக்கிறது. முதல் பக்கத்தில் என் எச்சரிக்கை இருக்கிறது. அதற்கு முழுமையான, உண்மையான மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது.