பாய் விரித்தவரே முதல்

சிங்கப்பூர்ச் சிராங்கூன் ரோட்டு மாட்டுக் கொட்டகைகளைச் சுற்றிக் குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்குப் பெண்ணோ பிள்ளையோ சுவா சூ காங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இருக்கிறார்கள். போய்ப் பார்க்க ஆசைதான், வழிதான் தெரியாது. நான் போய் வந்தேன். எனக்கு எழுத்து வராது; சொல்லச் சொல்ல எங்கள் சந்துக் கடைக்காரர் எழுதுகிறார். ஆனால் ஒரு தடவை பார்த்த வழியும் முகமும் எனக்கு மறப்பதில்லை. ஆகையால் வழியை நம்பிப் போகலாம். மற்றதை நம்புவது உங்கள் பாடு.

தீபாவளி கழிந்த மழைக்காலம். தோட்டத்தில் பால் வெட்டும் என் மகள் முத்தம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போகமாட்டேன் என்கிறார்களாம். வெள்ளிக்கிழமை துரை வந்து பார்ப்பாராம். பள்ளிக்கூடக் கொட்டகை பாதி காலியாக இருந்தால் அதை ரப்பர் காயப்போட எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைப் புல் வெட்ட அனுப்பிவிடுவாராம். பேத்தி ராசாத்தியும் மாட்டேன் என்கிறாளாம், நீங்கள் சொன்னால்தான் கேட்பாள், உடனே வாருங்கள் என்று செய்தி.

அந்தப் பிள்ளை போன வருஷம் என் வீட்டுக்கு வந்தபோது, அரிசிச் சாக்கில் மையால் எழுதியிருந்ததை விரல் வைத்துக் கூட்டி வாசித்தது. என் குடும்பத்தில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தக் கையில் புல்வெட்டும் கத்தியா? திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

வழி இதுதான். கால்வாய் ஓரமாகவே நடந்தால் ஒரு மைலுக்குச் சற்று மேல் நியூட்டன் ரயிலடி. ஏழரை வண்டியைப் பிடியுங்கள். அடுத்த வண்டியில் போனால் இறங்கும்போது வெயில் தாங்காது. மூன்றாம் வகுப்பு, புக்கிட் பாஞ்சாங் வரை எனக்குப் பதினெட்டுக் காசு ஆயிற்று. புக்கிட் தீமா மலை தாண்டியதும் இரண்டு பக்கமும் காடு நெருங்கி வந்து பெட்டியின் பலகையை உரசும். கையை வெளியே நீட்டாதீர்கள்.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தோட்டம் நாலு மைல். நடக்கலாம், ஆனால் மரைக்காயர் ஒருவரின் மாட்டு வண்டி திங்களும் வியாழனும் சாமான் ஏற்றிக்கொண்டு போகும். பூர்வீகம் நாகூர்ப் பக்கம், பிறந்தது இங்கேதான்; பேச்சில் மலாய்க்காரர்போல் ‘லா’ சேர்ந்தே வரும்.

“எங்க பெரியவரே, தோட்டத்துக்கா? ஏறுங்க லா. மாடு கோவிச்சுக்காது.”

“கூலி எவ்வளவு பாய்?”

“வெத்தலை வச்சிருக்கீங்களா? அது போதும்.”

வெற்றிலை மடித்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன். மனிதர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“அந்தக் கொட்டகையா? முன்னெல்லாம் காலையில அந்தப் பக்கம் போனா வாய்ப்பாடு காதைக் கிழிக்கும். இப்ப தவளைதான் கத்துது.”

“ஏனாம்?”

“நான் ஒண்ணும் பாக்கலை லா. மாடு பாத்திருக்கு. அந்த இடம் வந்தா ஓரம் கட்டுது.”

“மாடு எதுக்கும் ஓரம் கட்டும் பாய். நான் மாட்டுக் கொட்டகைக்காரன்.”

“அப்ப நீங்களே அதுகிட்ட கேட்டுக்குங்க!”

சிரித்தோம். வண்டி தோட்டத்துக்குள் நுழைந்தது. ரப்பர் மரங்களை நீங்கள் பார்த்ததில்லை என்றால் சொல்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை. நடுப்பகலிலும் கருக்கல் வெளிச்சம். ஒவ்வொரு மரத்திலும் ஒரு வெட்டு, வெட்டுக்குக் கீழே ஒரு கிண்ணம், கிண்ணத்தில் வெள்ளையாய்ப் பால். ஆயிரம் கண்கள் விழித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். பறவைச் சத்தம் கிடையாது. பள்ளிக்கூடம், கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கும் பால்காட்டுக்கும் நடுவில், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகை. சுவர் இடுப்பு உயரம்தான். அங்கே வந்ததும் மாடு ஓரம் கட்டியது. மரைக்காயர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெற்றிலைப் பையைத் துழாவினேன்.

சாயங்காலம் ராசாத்தியை மடியில் உட்காரவைத்துக் கேட்டேன்.

“வாத்தியார் அடிக்குப் பயமா?”

“அடி இல்ல தாத்தா. அவ எல்லாருக்கும் முன்னாடி வந்துடுறா.”

“யாரு?”

“பூவாயி.”

முத்தம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். “விளக்கு வைக்கிற நேரத்துல செத்த பிள்ளை பேரைச் சொல்லாதடி!”

விஷயம் இது. பிள்ளைகள் தவறாமல், சுறுசுறுப்பாக வர நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வருகிற பிள்ளைக்கு உள்ளங்கையில் பிரம்பால் ஒரு தடவல், அவ்வளவுதான். இரண்டாவதுக்கு ஓர் அடி, மூன்றாவதுக்கு இரண்டு. அப்படியே ஏறிக்கொண்டு போகும். இங்கேயும் சவரிமுத்து வாத்தியார் அதையே வைத்திருந்தார். முதலில் வந்த பிள்ளை மூலையிலிருக்கும் பாய்களை எடுத்து விரித்துவிட்டுத் தலை இடத்தில் உட்கார வேண்டும். பாய் விரித்தவரே முதல். லயத்திலிருந்த பூவாயி என்ற பிள்ளை, பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து அந்த இடத்தை யாருக்கும் விட்டதில்லை. மழை தொடங்கியபோது காய்ச்சலில் போய்விட்டது.

அதற்கு அப்புறமும், எந்தப் பிள்ளை எவ்வளவு சீக்கிரம் போனாலும், பாய் விரித்தே கிடந்தது.

வாத்தியார் வேதக்காரர், கொட்டகைக்குப் பின்னால் தனியாகக் குடியிருந்தார். போய்க் கேட்டேன்.

“நான் என்ன செய்யட்டும் ஐயா? யாரு விரிச்சதுன்னு கேட்டா ஒண்ணும் ஒத்துக்க மாட்டேங்குது. விரிக்காததை முதல்னு எப்படிச் சொல்றது? சட்டம்னா சட்டம். முன்னாடி வந்த பிள்ளைக்கும் ஓர் அடிதான்.”

“அப்ப அந்த முதல் ஆளுக்கு யாரு வாத்தியாரே கையைத் தடவிக் குடுக்கிறது?”

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு ஓடினாலும் முதல் கிடைக்காது என்றால் எந்தப் பிள்ளை ஓடும்? அதிலும் செத்தவளுக்கு அடுத்த இடம் வேறு.

செவ்வாய்க்கிழமை விடியக் கருக்கலில் கொட்டகைக்கு எதிரே ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். பனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. தூரத்தில் பிரட்டு மணி அடித்து ஆட்களை எண்ணும் சத்தம் வந்து அடங்கியது. கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு வெளிச்சம் அசைந்தது. தரையில் கால் படுகிற சத்தமே இல்லை. கொட்டகைக்குள் போயிற்று. பாய் உதறும் ஓசை. எழுந்து போனேன்.

தலையில் முட்டாக்குப் போட்ட பெண்பிள்ளை. கையில் விளக்கு, இடுப்பில் பால் வெட்டும் உளி. தலை இடத்துப் பாயின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா நீ?”

அவள் திடுக்கிடவில்லை. “பூவாயி அம்மா. அங்கம்மா.”

“ஏன் ஆத்தா இப்படி?”

“படுத்த படுக்கையிலயும் ‘அம்மா, பாய் விரிக்க நேரமாச்சு, வேற யாராச்சும் முந்திக்குவாங்க’ன்னு கெடந்தா, பெரியப்பா. இப்பவும் பிரட்டு மணி அடிச்சா காதுக்குள்ள சொல்றா. விரிச்சுட்டுப் போனா அன்னிக்குப் பூரா சும்மா இருக்கா.”

“உனக்கு நிம்மதி. அதனால மத்த பிள்ளைங்களுக்கு அடி ஏறுது, தெரியுமா?”

அவள் விளக்கைத் தரையில் வைத்தாள். “அடியா? பிள்ளைங்களுக்கா?”

தெரியாது அவளுக்கு. விரித்துவிட்டுக் காட்டுக்குள் போய்விடுகிறவள். அப்புறம் நடந்தது எதையும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை துரை வருவதையும் சொன்னேன். தலை இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். மேலே உட்காரவில்லை, பக்கத்தில்தான்.

“இந்தக் கொட்டகை போச்சுன்னா அவ எங்க வருவா?” என்றாள்.

நான் ஒன்று கேட்டேன். லயத்தில் விடிவதற்குள் தாய் தகப்பன் வேலைக்குப் போய்விடுகிறார்கள்; பிள்ளைகளைக் கிளப்பிவிட ஆள் இல்லை. பால்காட்டுக்குப் போகிற வழிதானே பள்ளிக்கூடம்? இனிமேல் நீ வந்து பாய் விரிக்காதே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. எல்லாம் ஒன்றாக வந்தால் முந்தினது பிந்தினது கிடையாது, அடியும் கிடையாது. அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

அன்று சாயங்காலம் நானும் ராசாத்தியுமாகப் பாய்களைச் சுருட்டினோம். நானே கயிறு போட்டுக் கட்டி மூலையில் சாத்தினேன். மாட்டுக்காரன் முடிச்சு.

புதன்கிழமை பிரட்டு முடிந்ததும் அங்கம்மா விளக்கோடு லயம் லயமாக நின்று கூப்பிட்டாள். “ஏ மாரி! ஏ கருப்பா! ராசாத்தி! எந்திரிங்கடா, சோம்பேறிங்களா!” காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சில தாய்மார் முணுமுணுத்தார்கள். ஒருத்தி, “செத்தவ ஆத்தாகூடவா அனுப்புறது?” என்று கேட்டே விட்டாள். நானும் கூட வருகிறேன் என்றதும் அனுப்பினாள். அத்தனை பிள்ளைகளும் கைகோத்து வந்தார்கள். அங்கம்மா நடுவில், ராசாத்தியின் கையைப் பிடித்தபடி. பிரட்டிலிருந்து அவள் என் கண்ணை விட்டு மறையவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கொட்டகை வாசலில் விளக்கை உயர்த்தினாள்.

பாய் விரித்திருந்தது. வரிசையாக, சுருக்கமில்லாமல். நான் போட்ட கயிறு அவிழ்ந்து, சுருட்டி, தலை இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தது.

ஒரு பிள்ளையும் கத்தவில்லை. அங்கம்மா மட்டும், சந்தையில் தொலைந்த பிள்ளையைக் கண்டவள்போல், “வந்துட்டா” என்றாள்.

வாத்தியார் விரித்திருப்பார் என்பீர்கள். அவர் அப்போதுதான் வேப்பங்குச்சியோடு பின்பக்கத்திலிருந்து வந்தார். பாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். குச்சி கையிலிருந்து விழுந்தது. பிறகு பிரம்பை எடுத்துப் போய்த் தலை இடத்தில் குனிந்து, உள்ளங்கையைத் தடவுவதுபோல் பாயின்மேல் மெல்ல ஒரு தடவு தடவினார். பிரம்பைக் கூரைக்குள் செருகிவிட்டார். பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள். அந்த ஓர் இடத்தை விட்டு.

வெள்ளிக்கிழமை துரை வந்தார். கொட்டகை நிறைந்திருந்தது. காலி இடத்தைக் கைத்தடியால் காட்டி என்னவோ கேட்டார். வாத்தியார் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே கால் வைக்காமலே போய்விட்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “அந்தப் பிள்ளை ஒரு நாளும் தவறினதில்லைன்னு சொன்னேன்” என்றார்.

கிளம்பும் முன் ராசாத்தியிடம், “இப்ப பயம் இல்லையா?” என்று கேட்டேன்.

“இருக்கு. ஆனா நாங்க போகலைன்னா அவ தனியாதானே தாத்தா உக்காந்திருப்பா?”

அதற்குப் பிறகு அந்த லயத்தில் காய்ச்சல் தவிர வேறு காரணத்துக்காக ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் போகாமல் நின்றதில்லை என்று முத்தம்மா சொல்லி அனுப்புகிறாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. குடையும், அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். மரைக்காயருக்கு வெற்றிலை. திரும்பும் வண்டிக்குப் பகல் இரண்டு மணிக்கே தோட்டத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் பிரம்பைத் தேடாதீர்கள். விடியலில் கூப்பிட ஓர் ஆளைத் தேடுங்கள். கொட்டகையைப் பார்க்க ஆசைப்பட்டால் தாராளமாகப் போங்கள், வாத்தியார் நல்ல மனிதர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள். தலை இடத்தில் மட்டும் வேண்டாம். அங்கே ஆள் இருக்கிறது.