உள்ள யார்னா கீறீங்களா?

பழைய இரும்புத் தொழிலில் திறந்து கிடப்பது ஆளைக் கொல்லாது, மூடிக் கிடப்பதுதான் கொல்லும்.

எர்ணாவூரில் ஒரு சின்ன உருக்காலை. கப்பலில் வரும் கழிவு இரும்பை உருக்கிக் கட்டியாக வார்ப்பார்கள், கட்டி கம்பியாகும், கம்பி உங்கள் வீட்டுக் கூரைக்குள் போகும். நான் வேலை பார்த்தது வெளியே யார்டில், வந்த இரும்பைப் பிரித்து அனுப்பும் இடத்தில். என் வீட்டுக்காரர் குணாவுக்கு உள்ளே, பர்னஸ் என்ற உருக்கு உலையின் வாயில் வேலை. நான் அனுப்புவதை அவர் நீளக் கம்பியால் நெருப்புக்குள் தள்ளுவார். மூடிய டப்பா ஒன்றுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்து, அது உருகிய இரும்புக்குள் விழுந்தால் போதும், வெடித்து அத்தனையும் மேலே நிற்கிறவர் மீது வரும். ஆக, யார்டில் நாங்கள் எதையாவது தவறவிட்டால் அது போய்ச் சேரும் விலாசம் என் வீட்டு விலாசம். புருஷனை ஷிப்டுக்கு அனுப்பிவிட்டு, கைக்குழந்தையோடு உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் சத்தம் நம் தெருப்பக்கம் திரும்புகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் பாப்பா தூங்கிவிட்டாள். ராத்திரியில் எழுதினால் பயம் கொஞ்சம் கை வழியாக இறங்குகிறது.

இங்கிலீசு வேலை

செல்போனில் இன்கமிங் இலவசமாகிக் கொஞ்ச நாள் ஆகியிருந்த நேரம். வெளிநாட்டுக் கழிவு இரும்புக்கு அரசாங்கம் வரியைக் குறைத்திருந்தது. எங்கள் சேட்டுக்கு யானைக்கவுனியில் கடை, எர்ணாவூரில் ஆலை. மண்ணைத் தோண்டி, நிலக்கரி போட்டு இரும்பெடுப்பதைவிடப் பழசை உருக்கினால் கரியும் கம்மி, புகையும் கம்மி, சீனாக் கம்பியோடு மல்லுக்கு நிற்கலாம் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வந்த இரும்பில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. அதைப் படிக்க ஆள் வேண்டுமென்றார். குணா என் பெயரைச் சொன்னார். ராயபுரம் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்குப் பூக்களைப் பற்றியும் மேகங்களைப் பற்றியும் சொல்லித்தந்த இங்கிலீஷ், கடைசியில் துருப்பிடித்த பீப்பாய் முதுகில் ‘அபாயம்’ என்று படிக்கத்தான் உதவியது.

யார்டில் பிரிக்கிற பெண்களுக்குத் தலைவி கஸ்தூரி அக்கா. கையில் ஒரு சின்னச் சுத்தி. எதை எடுத்தாலும் தட்டிக் காதை வைப்பார். திறந்த சாமான் ‘டங்’ என்னும், மூடியது ‘தொம்’ என்னும். முதல் வாரமே ஒரு பீப்பாயைப் பார்த்து, “காலின்னு எழுதியிருக்குக்கா, அனுப்பிடலாம்” என்றேன். அவர் தட்டினார். ‘தொம்.’ சுத்தியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “காலின்னு எழுதனவன் அவன் ஊர்ல சொகமா கீறான். வாய்ல நிக்கறது உம் புருசன். இன்னா பாப்பா, இங்கிலீச நம்பறியா, காத நம்பறியா?”

கூப்பிடும் வழக்கம்

தட்டுவதோடு முடியாது. பெரிய குழாய், டேங்க், அலமாரி எதுவானாலும் வண்டியில் ஏற்றுமுன் அதன் வாயருகே குனிந்து, “உள்ள யார்னா கீறீங்களா? இருந்தா வந்துடுங்க” என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டபின் ஒரு மூச்சு நேரம் காத்திருக்க வேண்டும். எப்போதோ ஒரு குழாய்க்குள் பூனைக்குட்டிகள் இருந்து அப்படியே உலைக்குள் போய்விட்டனவாம், அதிலிருந்து வந்த வழக்கம். பர்னஸ் வாயிலும் அப்படித்தான். ஒவ்வொரு வண்டியையும் தள்ளுமுன் குணா கூப்பிடுவார். வீட்டிலும் விளையாட்டுக்கு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “உள்ள யார்னா கீறீங்களா?” என்பார். எங்கள் பாப்பாவுக்கு அப்போது பேச்சே வரவில்லை. ஆனால் அப்பா கூப்பிட்டால் மட்டும் தூளிக்குள்ளிருந்து ‘ம்’ என்பாள்.

எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில், இத்தனை வருஷத்தில் எதுவாவது பதில் சொல்லியிருக்கிறதா என்று கஸ்தூரி அக்காவிடம் கேட்டேன். அவர் கருவாட்டுத் துண்டை முள் பார்த்துக்கொண்டே சாவதானமாகச் சொன்னார்: “பதில் சொன்னத எல்லாம் வெளிய எடுத்துட்டோம் பாப்பா. சொல்லத் தெரியாதது இன்னா இன்னா உள்ள போச்சோ, அது ஆருக்குத் தெரியும்?”

அட்டெண்டன்ஸ்

ஒரு கன்டெய்னர் முழுக்கக் கட்டில்கள் வந்தன. குட்டிக் கட்டில்கள், நான்கு பக்கமும் கம்பி, காலில் சக்கரம். ஏதோ ஒரு தேசத்தில் பிள்ளைகள் ஆஸ்பத்திரியை மூடியிருக்கிறார்கள். தலைமாட்டில் பெயர் அட்டை செருகும் தகரம். சிலவற்றில் அட்டை அப்படியே இருந்தது. பெண்கள் யாரும் கையை வைக்கவில்லை. வண்டி நின்றது, சூப்பர்வைசர் சத்தம் போட்டார், அதற்கும் அசையவில்லை. கடைசியில் கஸ்தூரி அக்கா என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். வாயில் நுழையாத பெயர்கள். ஒரு பெயரில் பாதி எழுத்தை மழை தின்றிருந்தது. பள்ளிக்கூடத்தில் மிஸ் அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரல் எனக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. ஒரு பெயர் படிப்பேன், நிறுத்துவேன், அடுத்ததைப் படிப்பேன். எண்ணூர்ப் பக்கமிருந்து சாம்பலோடு காற்று வந்தது. ஓரத்துக் கட்டிலின் சக்கரம் ஒன்று மெல்லச் சுற்றி நின்றது. காற்றுதான். கான்வென்ட்டில் படித்த இந்துப் பெண்கள் பயம் வந்தால் முதலில் மாதாவைத்தான் கூப்பிடுவோம், கூப்பிட்டேன். படித்து முடித்ததும் கஸ்தூரி அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் கட்டிலைத் தூக்கினார். “இப்போ போவட்டும். பேரு சொல்லாம அனுப்பினா, எந்த வூட்டுப் புள்ளன்னு அதுக்கே தெரியாம பூடும்.”

டேங்க் தட்டியது

இன்னொரு நாள், வெயில் உச்சியில். பனி நாட்டிலிருந்து வந்த பழைய டேங்க் ஒன்று யார்டு நடுவில் கிடந்தது. நான் குனிந்து வழக்கப்படி கூப்பிட்டேன். உள்ளிருந்து ‘டக்’ என்றது. மறுபடி கூப்பிட்டேன். ‘டக், டக்.’ நான் திரும்பிப் பார்க்கும்போது பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. பெண்கள் எல்லாம் வாசல் கேட் பக்கம் நின்றார்கள்.

வெல்டர் வந்து தூர நின்று பார்த்துவிட்டு, வெயிலில் உள்ளே அடைத்திருந்த காற்று விரிந்து தகடு புடைக்கும் சத்தம் என்றார். நெருப்பு காட்டாமல், தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்து, கையால் துளை போட்டார்கள். சீறிக்கொண்டு காற்று வந்தது. பின்னாலேயே கறுப்பாய்த் தண்ணீர் வந்தது, வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது. எல்லா மூடியும் வெல்டிங் வைத்து அடைத்திருந்த டேங்க். அது மட்டும் தட்டாமல் இருந்திருந்தால்? வெல்டர் போகும்போது சொன்னார்: “நல்ல டேங்கும்மா. இதுனாச்சும் கேட்டதுக்கு பதில் சொல்லிச்சி.”

வீட்டுக்கு வந்த பழக்கம்

அதற்கப்புறம் என் கை சும்மா இருக்கவில்லை. பவுடர் டப்பாவைத் தட்டுவேன். பால் பாட்டிலைத் தட்டுவேன். தூங்கும்போது குணாவின் முதுகில் விரல் தட்டிக்கொண்டிருக்குமாம், காலையில் சொல்லிச் சிரிப்பார். தாய் செய்வதைத்தானே பிள்ளை செய்யும்? பாப்பா கரண்டியை எடுத்துக்கொண்டு தவழ்ந்து தவழ்ந்து எல்லாவற்றையும் தட்டினாள். தட்டிவிட்டுக் கன்னத்தை அதன்மேல் வைத்துப் படுத்துக்கொள்வாள், எதிர்ப் பக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல.

நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அம்மா ஒரு சாயந்தரம் என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டார். “உம் பொண்ணு என் சிலிண்டரத் தட்டிட்டு, காத வச்சிக் கேட்டுட்டு, என்னப் பாத்துச்சி. அப்பறம் எனக்கு அடுப்பப் பத்த வைக்கக் கையே வரலம்மா.”

ஆபீசர் வந்தார்

சின்ன உருக்காலைகளுக்கு டெல்லி ஒரு திட்டம் போட்டிருந்தது. மின்சாரத்தையும் புகையையும் குறைக்கும் சாமான்களுக்குப் பாதிச் செலவு அரசாங்கத்துடையது. எங்கள் ஆலைக்கு ஒதுக்கியது, பர்னஸ் வாய்க்கு ஒரு கனமான மூடி. நெம்புகோலை விட்டால் தானே விழுந்து மூடிக்கொள்ளும், சூடு வெளியே போகாது, அதே கரண்ட்டில் அதிக இரும்பு. பார்க்க வந்த ஆபீசர் நம் ஊர்க்காரர், மரியாதையானவர். காகிதங்களைப் படித்துச் சொல்ல என்னை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். அன்றுதான் முதல்முறையாகக் குணா வேலை செய்யும் இடத்தில் நின்றேன். அவர் காலடிக்குக் கொஞ்சம் தள்ளி வெள்ளையாகச் சுழன்றுகொண்டிருந்தது உருகிய இரும்பு.

குணா ஒரு வண்டியின்முன் நின்று கூப்பிட்டதை ஆபீசர் கவனித்து, இது என்ன என்று கேட்டார். விளக்கினேன். திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டால் சூடு வீணாகுமே என்று கவலைப்பட்டார். மூடியைத் திறக்குமுன் கூப்பிடட்டும் என்று தீர்ப்பானது. போகும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்: ஆளுக்குப் பதிலாக இரும்பைத் தள்ளும் மிஷின் ஒன்று வருமாமே சார், அதையும் திட்டத்தில் சேர்த்துத் தர முடியுமா? அவருக்கு நிஜமாகவே வருத்தம்தான். “இந்த ஸ்கீம் புகைக்கும் கரண்ட்டுக்கும்தாம்மா. ஆளுக்கு வேற டிபார்ட்மென்ட்.”

மூடி

மூடி வந்து மாட்டிய மழைக்காலத்தில் பாப்பாவுக்குக் காய்ச்சல். யார்டுக்கு லீவு சொல்லிவிட்டு மடியில் போட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் உடம்பு கொதித்தது, கண் திறக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை, வாசலில் ஆளில்லை, மழைச் சத்தம் மட்டும். அப்போது தூக்கத்திலேயே, தெளிவாக, ‘ம்’ என்றாள். எட்டிப் பார்த்தேன், தெரு காலியாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குணா வந்தார். புருவம் பொசுங்கியிருந்தது, சட்டையில் பொத்தல்கள், மற்றபடி முழுசாக வந்தார். சைரன் ஊதியது மழையில் எனக்குக் கேட்கவில்லை. எதுவோ மூடியது ஒன்று உள்ளே போய் வெடித்திருக்கிறது. எது, யார் கை கடந்து போனது என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே மேல் என்றார் கஸ்தூரி அக்கா. வழக்கமாகத் தள்ளியபின் மூடியைத் திறந்தே பிடித்துக்கொண்டு கம்பியால் குத்தி அமுக்குவார்கள். அன்று குணா குத்தவில்லை. ஏன் என்று கேட்டேன். பாப்பாவின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “கூப்ட்டேன், பதில் இல்ல. தள்னேன். அப்பறம்தான் பின்னாலேர்ந்து ‘ம்’னு கேட்டுச்சி. மூடிய வுட்டுட்டுத் திரும்பினேன்.”

எந்த நேரம் அது என்று நான் கேட்கவில்லை. அவரும் பாப்பா எப்போது வாய் திறந்தாள் என்று கேட்கவில்லை. நாங்கள் இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

பரிசோதனை

திட்டப்படி மூடி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆபீசர் மறுபடி வந்தார். மூடியின் உள்பக்கம் குழிந்து, ஓரம் நெளிந்திருந்தது. உறைந்த இரும்பு அதன்மேல் திட்டுத்திட்டாக ஒட்டிக்கிடந்தது. சேட் நடந்ததைச் சொன்னார். அதை ஆபீசர் முழுக்கக் கேட்டார், குணாவின் தோளைத் தொட்டு, நல்லா இருக்கீங்களா என்று விசாரித்தார். பிறகு குனிந்து அந்த நெளிந்த ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். “இடுக்கு விழுந்திருக்கே. இது வழியா சூடு போகும், மிச்சம் பிடிச்ச புகைக் கணக்கு குறைஞ்சுடும். மூடிய மாத்திடுங்க.”

மாற்றினார்கள், பாதிச் செலவு மறுபடி அரசாங்கத்துடையது. குணா இப்போதும் அதே வாயில்தான் நிற்கிறார், இன்றைக்கு நைட் ஷிப்ட். நான் எழுதுவதை நிறுத்தும்போதெல்லாம் தூளியைப் பார்க்கிறேன். பாப்பா சில சமயம் தூக்கத்தில் ‘ம்’ என்கிறாள், அப்போது எழுந்துபோய் அவள் வாயருகே காதை வைத்து ஒரு மூச்சு நேரம் காத்திருக்கிறேன்.

ஆக சகோதரிகளே, புகைக்காக அரசாங்கம் வாங்கித் தந்த மூடியோடு என் புருஷன் எனக்கு இலவச இணைப்பாகக் கிடைத்தார்.