நஞ்சப்பன் கூட்டத்தில் எழுந்து கேட்டது

அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் என்கிற ஊரில் பதினாறு வருஷமாக இருக்கிறார் நஞ்சப்பன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். கம்ப்யூட்டர் வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்க மாட்டார். ஆபீஸ் மீட்டிங்கிலேயே மியூட்டில்தான் கிடப்பார். அப்படிப்பட்டவர் மகளின் பள்ளிக் கூட்டத்தில் எழுந்து நின்றார் என்பதை அவர் மனைவி வான்மதி இன்றுவரை முழுசாக நம்பவில்லை.

மகள் தீக்ஷா பத்தாம் வகுப்பு. அடுத்த வருஷம் எத்தனை ஏ.பி. எடுப்பது என்பதுதான் பேச்சு. கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, மே மாதம் பரீட்சை எழுதி, ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வாங்குகிற வகுப்புகள் அவை. நஞ்சப்பன் தெரிந்தவர்களையெல்லாம் விசாரித்து ஐந்து எழுதிக் கொடுத்திருந்தார். தீக்ஷா பார்த்துவிட்டு, "ஓகே ப்பா" என்றாள்.

கூட்டத்தில், பாடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் ஆலோசகர் அம்மா, ஒரு ஏ.பி.க்குத் தினமும் ஒரு மணி நேரமாவது வீட்டுப்பாடம் இருக்கும் என்றார். நஞ்சப்பன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். ஓட்டப் பயிற்சி முடிந்து பிள்ளை வீடு வரவே ஆறரை. குளித்துச் சாப்பிட எட்டு. அப்புறம் ஐந்து மணி நேரம். காலையில் ஆறுக்கு எழவேண்டும். நாற்காலியை விட்டு எப்படி எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியாது.

"மேடம், ஐந்து எடுத்தால் பிள்ளை எப்போது தூங்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அரங்கம் சிரித்தது. ஆலோசகர் சிரிக்கவில்லை. "அதனால்தான் பிள்ளைக்குப் பிடித்ததை மட்டும் எடுக்கச் சொல்கிறோம்" என்றார். பக்கத்தில் தீக்ஷா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோழிகள் இரண்டு வரிசை பின்னால் இருந்தார்கள்.

திரும்பும்போது காரில் தீக்ஷாதான் பேச்சை எடுத்தாள்.

"அந்த அஞ்சும் யாரு எழுதுனது?" என்றாள்.

"நான்தான் கண்ணு. தப்புக் கணக்கு. நீயே எழுதிக்க."

வீட்டுக்கு வந்ததும் இரண்டை அடித்தாள். பயாலஜி, புள்ளியியல், அமெரிக்க வரலாறு மூன்றும் நின்றன. போனது பிசிக்ஸும் கம்ப்யூட்டர் சயின்ஸும்.

"கம்ப்யூட்டரா சாமி?"

"நீங்க டெய்லி அதான பண்றீங்க. யூ நெவர் லுக் ஹேப்பி, ப்பா."

வான்மதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நஞ்சப்பனுக்குச் சுருக்கென்றது. மறுக்கலாம் என்று யோசித்தார். பிறகு தாளை இழுத்து கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷம் வகுப்புகள் தொடங்கின. வரலாறு லேசாக இல்லை. நாற்பது நிமிஷத்தில் கட்டுரை எழுதவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எழுத, எதிரே உட்கார்ந்து மணி பார்ப்பது அவர் வேலையாயிற்று. முடித்ததும் வாசித்துக் காட்டுவாள். பாதிதான் புரியும். "நல்லா இருக்குது" என்பார். "எது நல்லா இருக்கு?" என்று மடக்குவாள்.

அந்த வெட்கத்தில் அவளுடைய பழைய வரலாற்றுப் பாடப்புத்தகம் ஒன்றை ஆபீசுக்கு எடுத்துப் போனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் பத்துப் பக்கம்.

ஜூலையில் முடிவு வந்தது. பயாலஜியில் ஐந்து, புள்ளியியலில் நாலு, வரலாற்றில் மூன்று. ஊரிலிருந்து மச்சான் போனில், "அஞ்சுக்கு மூணுதானுங்களா?" என்றார்.

"அது பாசுதானுங்க மச்சான். உள்நாட்டுப் போருக்கு அப்புறம் தென் மாநிலங்கள்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்று ஆரம்பித்தார் நஞ்சப்பன். மச்சான் போனை வைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.