தெல்மாவின் பெட்டி

கடலோர டச்பாரில் பேர்டி பாஸைத் தெரியாதவர்கள் இல்லை. என்றைக்கோ ஒரு நாள் எல்லா வீட்டுக்கும் அவர் தேவைப்பட்டார். பாஸ் என்றால் அங்கே தச்சர்; சவப்பெட்டி செய்கிற, வெள்ளைக்காரர் வழிவந்த பறங்கி, எட்டாம் வகுப்புவரை இங்கிலீசில் படித்தவர். வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழைதான் என்று அவருடைய பெண்சாதி தெல்மா சொல்லுவாள்.

அவர் வீட்டில் மூன்று புத்தகங்கள் இருந்தன. ஒன்று எபிரேய அகராதி. இன்னொன்று வேதாகம நாடுகளின் வரலாறு. மூன்றாவது பழைய கல்வெட்டுகளைப் பற்றியது, தலையணைத் தடிப்பு. கோயில் பாதர் மாற்றலாகிப் போனபோது வேண்டியதை எடுங்கள் என்று அறையைத் திறந்துவிட்டார். ஒருவர் மேசை விசிறியை எடுத்தார், இன்னொருவர் சாய்மனைக் கதிரையைத் தூக்கினார். நம்முடைய ஆள் இந்த மூன்றையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தெல்மா தலையில் கைவைத்தாள்.

"பெட்டி அடிக்கிற மனுசனுக்கு எபிரேயம் என்னத்துக்கு? செத்தவன் எழும்பி வாசிக்கவா?"

சொன்னாளே தவிர, அடுத்த ஞாயிறுக்குள் மூன்றுக்கும் சட்டைத் துண்டில் உறை தைத்து, நாடாவும் வைத்துவிட்டாள். தையல்காரிக்கு வெறும் அட்டையைப் பார்க்கப் பொறுக்காது. அவர் அடிக்கடி புரட்டுகிற பக்கங்களில் சிவப்பு நூலை அடையாளம் வைத்ததும் அவள்தான். அதில் ஓர் எழுத்தும் அவளுக்குத் தெரியாது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. "கடவுள் தராததைப் பாதர் தந்துட்டுப் போயிட்டார்" என்று சிரித்துக்கொண்டு, தடிப்பைப் பார்த்து மூத்தவன், நடுவிலான், கடைக்குட்டி என்று பெயரும் வைத்தாள். பிறகு அந்த வீட்டில் புத்தகம் என்ற பேச்சே இல்லை. "பிள்ளையளை மழை நனைக்கப் போகுது, எடுத்து வைங்க" என்பாள்.

கல்வெட்டுப் புத்தகத்தில் ஒரு சங்கதி பேர்டியைப் பிடித்துக்கொண்டது. இரண்டாயிரம் வருசத்துக்கு முதல் எருசலேமில், இறந்தவரின் எலும்புகளைப் பொறுக்கிச் சின்னக் கல்லுப்பெட்டியில் வைப்பார்களாம். வீட்டுக்காரர்களே ஓர் ஆணியை எடுத்து அதில் பெயரைக் கீறிவிடுவார்களாம். படத்தில் எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. கல் வெட்டத் தெரிந்தவனின் எழுத்து இல்லை, அழுதுகொண்டு நின்றவனின் எழுத்து. அன்றிலிருந்து பேர்டி செய்த ஒவ்வொரு பெட்டியிலும் மூடியின் உட்புறம் மூன்று அங்குல ஆணியால் ஆளின் பெயரைத் தமிழில் கீறினார். ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெயரில்லாமல் யாரும் மண்ணுக்குள் போகக் கூடாது, அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

2004ஆம் ஆண்டு டிசம்பர், நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை, பெட்டியொன்றைக் கொடுக்க அவர் பட்டணத்துக்குப் போயிருந்தார். கடல் வந்தது அப்போதுதான்.

மூன்று நாள் ஆசுபத்திரி, பள்ளிக்கூடம், கோயில் முற்றம் என்று ஒவ்வொரு முகமாகத் துணியை விலக்கிப் பார்த்தார். தெல்மா இல்லை. யார் எவர் என்று தெரியாதவர்களை இயந்திரத்தால் கிடங்கு தோண்டி அடக்கினார்கள். அதில் அவள் இருந்தாளோ, கடலோடு போனாளோ. ஊருக்கெல்லாம் பெட்டி அடித்தவனின் பெண்சாதிக்குப் பெட்டியும் இல்லை, குழியும் இல்லை. நெஞ்சு வெடிக்காமல் அவர் எப்படி நடமாடினார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

நான்காம் நாள் பக்கத்து வீட்டுப் புஸ்பம் அகதி முகாமில் அவரைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் தெல்மாவும் ஒன்றாகத்தான் ஓடினார்கள்.

"எனக்கு முன்னால ஓடினவ பாஸ். நடு ரோட்டுல நிண்டுட்டா. பிள்ளையள் மூண்டும் உள்ளுக்க எண்டு கத்திக்கிட்டுத் திரும்பி ஓடிட்டா. நான் இழுத்தன், கை வழுக்கிட்டு."

புஸ்பத்தைக் குறைசொல்ல முடியாது. அதை மனதில் வைத்துக்கொண்டு அவளாலும் இருக்க முடியவில்லை.

அடுத்த நாள் வாவிக் கரையில் கண்டல் மரத்து வேரில் மாட்டிக் கிடந்த ஒரு சீலைப்பை கிடைத்தது. இறுக்கிக் கட்டிய முடிச்சு, தெல்மாவின் முடிச்சு. உள்ளே மூன்று புத்தகங்களும் ஊதிப்போய் இருந்தது தொட்டாலே தெரிந்தது. பேர்டி முடிச்சை அவிழ்க்கவில்லை. வெயிலில் போட்டுவிட்டு அப்பால் போய் நின்றார். அந்தப் புத்தகங்களை அவர் வெறுத்தார். அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்த தன்னை அதைவிட வெறுத்தார்.

கடலைப் பார்க்கப் பிடிக்காமல் தன்னாமுனைப் பக்கம் பட்டறையைப் போட்டுக்கொண்டார். அங்கே செய்த முதல் பெட்டி தேக்கில். அளவெடுக்க ஆள் தேவைப்படவில்லை. தெல்மா அவருடைய தோள்மூட்டு உயரம். மூடியின் உட்புறம் எபிரேயத்தில் அவள் பெயரைக் கீறினார். ஒருமுறை அவளுடைய தையல்மெசின் மூடியில் விளையாட்டாக எழுதிக் கொடுத்த அதே நான்கு எழுத்து, மனப்பாடம். என்றைக்காவது அவளைக் கண்டெடுத்தால் அடக்குவதற்கு அந்தப் பெட்டி. வாங்க வந்தவர்களிடம் "அதுக்கு ஆள் இரிக்கு" என்பார். நாலரை வருசம் அது சுவரோரம் கிடந்தது. சீலைப்பை மேலே கூரை வளையில் தொங்கியது.

யுத்தம் முடிந்து மூன்றாம் மாதம், ஒரு நாள் மத்தியானம், லான்ட்மாஸ்டர் உழவு வண்டி ஒன்று பட்டறை வாசலில் நின்றது. பக்கத்து ஊர் இலட்சுமிப்பிள்ளையும் அவளுடைய தம்பி தங்கராசாவும் இறங்கினார்கள். இலட்சுமிப்பிள்ளையின் மகள் யசோதினியை ஆறு வருசத்துக்கு முன் இயக்கம் சண்டைக்குக் கொண்டுபோனது. வன்னியில் காயப்பட்டு, முகாமில் கிடந்து, கடைசியில் தாயிடம் வந்து சேர்ந்து பதினொரு நாள். அன்று விடியற்காலை செத்துப்போனாள்.

"பொழுது படுறதுக்குள்ள அடக்கிப்போடட்டாம், பாஸ்" என்றார் தங்கராசா. "ஆமிக்காரனுகள் போல ரெண்டு பேர் வந்து சொல்லிட்டுப் போறானுகள்."

பெட்டி அடிக்க ஒரு முழு நாள் வேண்டும். இலட்சுமிப்பிள்ளையின் கண் சுவரோரம் போனது.

"அது ஆர்ர பெட்டி?"

"அதுக்கு ஆள் இரிக்கு."

"வந்து எடுப்பாங்களா, பாஸ்?"

பேர்டி பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். நாலரை வருசத்தில் ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. வரமாட்டாள். அவருக்கு அது தெரியும். தெரிந்தும் பெட்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். இந்தத் தாயின் மகள் வீட்டு முற்றத்தில் பாயில் கிடக்கிறாள்.

மூடியைத் திறந்து உளியை எடுத்தார். இலட்சுமிப்பிள்ளை கீறலைப் பார்த்தாள்.

"என்ன எழுத்து இது?"

"எண்ட மனிசிட பேர். கடல் கொண்டுபோனவ. சுரண்டிட்டுத் தாறன்."

அவள் அவர் கையை மறித்தாள். "சுரண்டாதீங்க. அவவும் வரட்டும். எண்ட புள்ள தனியக் கிடக்கப் பயந்தவள்."

பேர்டி அந்த இடத்திலேயே குந்திவிட்டார். சுனாமிக்குப் பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதார்.

"இவள்ற பேரையும் பக்கத்துல எழுதுங்க பாஸ்" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

"பேர் கீர் ஒண்டும் வேணாம்கா" என்று தங்கராசா பதறினார். "பாத்தா விசாரிப்பானுகள்."

"அப்ப அவவுக்கு எழுதின எழுத்துலயே எழுதட்டும். ஆரு வாசிக்கப் போறான்?"

தெல்மாவின் நான்கைத் தவிர மற்ற எழுத்துகளெல்லாம் அவர் கைக்கு மறந்துபோயிருந்தன. வளையிலிருந்து பையை இறக்கினார். முடிச்சு இரும்பாக இறுகியிருந்தது, ஆனாலும் வெட்ட மனம் வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். அகராதியின் தாள்கள் உப்பில் ஒட்டிக் கட்டியாகிப் போயிருந்தன. ஒரே ஓர் இடத்தில் மட்டும் புத்தகம் விரிந்தது, சிவப்பு நூல் கிடந்த இடத்தில். அது எழுத்துகளின் அட்டவணை. அவர் மறந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

ஆணியை எடுத்து, தெல்மாவின் பெயருக்குக் கீழே யசோதினியை எழுதினார். எழுத்துகள் கோணல்மாணலாகத்தான் வந்தன.

வெயில் தாழும்போது ஊர்ச் சுடலையில் பெட்டியை இறக்கினார்கள். வந்தவர்கள் ஒன்பது பேர். பேர்டி ஒரு பிடி மண் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றார்.

இலட்சுமிப்பிள்ளை குனிந்து மண் அள்ளி, அவர் கையை விரித்து அதில் வைத்தாள்.

"அவவுக்கும் போடுங்க, பாஸ்."