பெருவிரல் பதிந்த கட்லட்

ஹல்துமுல்லையில் பிரதான வீதியோரம் எங்களுக்கு ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. சுத்தம் என்றால் எனக்குப் பைத்தியம். ஓர் ஈ உள்ளே வந்தால் அதைத் துரத்திக்கொண்டு ரோட்டு வரைக்கும் போவேன். அதனால் சுகாதாரச் சான்றிதழ் புதுப்பிக்கும் மாதம் வந்தபோது எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. அது கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்று கணவர்தான் புலம்பிக்கொண்டிருந்தார்.

"சுகாதாரப் பரிசோதகர் வரட்டும். நம்ம அடுப்படியைப் பார்த்து அசந்து போவாரு" என்றேன்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் ஒரு வழக்கம். ஆள் வந்து உட்கார்ந்ததும், கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய வடை, ரோல்ஸ், கட்லட் அடுக்கி மேசையில் வைத்துவிடுவோம். வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள், தின்றதற்கு மட்டும் காசு. மிச்சம் கண்ணாடி அலமாரிக்குத் திரும்பி அடுத்த மேசைக்குப் போகும். அதில் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒருநாள் காலையில் குடையோடு வந்த ஒருவர் மூலை மேசையில் உட்கார்ந்து பால் விடாத பிளேன்டீ கேட்டார். தட்டை வைத்தேன். எதையும் தின்னவில்லை. தட்டை எடுத்துப்போன பிறகும் எழுந்திருக்கவில்லை, இன்னொரு பிளேன்டீ சொன்னார். ஒரு மணி நேரமாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு எரிச்சல்.

வழக்கமாக வரும் லொறிக்காரரும் தின்றுவிட்டுக் கிளம்பினார். கூட்டம் குறைந்ததும் பசித்தது. அலமாரியில் ஒரு கட்லட் நசுங்கிக் கிடந்தது. யாரும் வாங்க மாட்டார்கள் என்று அதை எடுத்துக் கடித்தேன். மூலை மேசைக்காரர் பதறி எழுந்து வந்தார்.

"அக்கா, அதைத் தின்னாதீங்க! அதுல இருக்கிறது என் பெருவிரல். நான் அமுக்கி வச்ச பிறகு மூணு மேசைக்குப் போயிட்டு வந்திருக்கு. அந்த லொறிக்காரரு மூக்கைத் துடைச்ச கையால அதைப் புரட்டிப் பார்த்தாரு."

பிறகுதான் சுகாதாரப் பரிசோதகர் என்ற அடையாள அட்டையைக் காட்டினார். வாயில் இருந்ததைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வெட்கத்தில் செத்தே போனேன். இரண்டு வாரத்தில் திரும்ப வருவதாகவும், அப்போது மேசையில் தட்டு இருந்தால் சான்றிதழ் கிடையாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே இடுக்கி வாங்கினேன். ஒவ்வொருவரிடமும் "எத்தனை வேணும்?" என்று கேட்டு எடுத்து வைத்தேன். வந்தவர்களுக்கு முகம் சுருங்கியது. "என்னக்கா, நம்ம மேல நம்பிக்கை இல்லையா?" என்று லொறிக்காரரே கோபித்துக்கொண்டார். சிலர் எதிர்க்கடைக்குப் போனார்கள். கணவர், "அவரு வர்ற அன்னிக்கு மட்டும் எடுத்து வச்சா போதாதா?" என்றார். அந்தக் கட்லட்டைத் தின்றவள் நான், அவரில்லையே.

பொறுக்க முடியாமல் ஒருநாள் லொறிக்காரரிடமே கேட்டுவிட்டேன். "நீங்க மூக்கைத் துடைச்ச கையால புரட்டி வச்சதை யாரு தின்னாங்க தெரியுமா? நான்தான்!"

அவர் முதலில் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கதை அவர் லொறியிலேயே பண்டாரவளை வரைக்கும் போய்விட்டது. "பெருவிரல் கட்லட் கடை இதுதானா?" என்று கேட்டுக்கொண்டு புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். எதிர்க்கடைக்குப் போனவர்களும் கதை கேட்கத் திரும்பி வந்தார்கள்.

சொன்னபடி பரிசோதகர் வந்தார். மேசைகளைப் பார்த்தார், இடுக்கியைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு கட்லட் தாங்க அக்கா. அந்தா, அந்த ஓரத்துல இருக்கிறது" என்று சொல்லி அலமாரிக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். இடுக்கியால் எடுத்துக் கொடுத்தேன். ரசித்துத் தின்றுவிட்டுக் காசு கொடுத்துக் கிளம்பினார். கண்ணாடியில் அவர் விரலின் தடம் பளிச்சென்று தெரிந்தது.

"சேர், கொஞ்சம் நில்லுங்க" என்று துணியை நீட்டினேன்.

வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனார்.